கியரைக் கேட்டு விட்டம், ரிம்மைப் பார்த்து அகலம்: பழைய ஃபோர் வீல் டிரைவுக்கு டயர் தேடிய அனுபவம்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால், கொஞ்ச நேரத்திலேயே டயர் வந்துவிடும். என்ன பிராண்டு, எல்லாத் தரைக்குமான ஆல் டெரெய்னா, சேற்றுக்கான மட் டெரெய்னா, எவ்வளவு பெரிசு ஏற்றலாம் என்று போகும். அந்த டயரைச் சுற்றவைக்கிற எஞ்சினைப் பற்றியோ, அதைப் பிடித்து வைத்திருக்கிற ரிம்மைப் பற்றியோ யாரும் வாய் திறப்பதில்லை. எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டயரின் விட்டத்தைக் கியர்தான் முடிவு செய்கிறது, அகலத்தை ரிம் முடிவு செய்கிறது. நம் ஆசைக்கு மிச்சமிருப்பது டயர் மேலிருக்கிற பட்டன் டிசைன் மட்டும்தான்.

என்னிடம் இருப்பது சுசுகி சாமுராய். ஜிப்சியும் இதே குடும்பம்தான். 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங்கில் உட்கார்ந்த முழு ஆக்சில், பவர் ஸ்டியரிங் கிடையாது. கம்பெனி கொடுத்த டயர் சைஸ் 205/70 ஆர் 15. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதைக் கழற்றிவிட்டு 235/75 ஆர் 15 மட் டெரெய்ன் டயரையும், வெளியே தள்ளி நிற்கிற 7 அங்குல ரிம்மையும் மாட்டியிருந்தார். நல்ல மனிதர், பழைய ரிம்களைப் பத்திரமாக வைத்திருந்து வண்டியோடு சேர்த்துக் கொடுத்தார். அந்தப் புண்ணியத்தில் இரண்டு விதத்தையும் ஒரே வண்டியில், ஒரே பாதையில் ஓட்டிப் பார்க்கக் கிடைத்தது.

பெரிய டயரில் வண்டி பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஓட்டினால் கதை வேறு. ஐந்தாவது கியர் என்பது இறக்கத்துக்கு மட்டும் உண்டான கியராகிவிட்டது. லேசான மேடு வந்தால் நான்கு, எதிர்க்காற்று அடித்தால் நான்கு, இன்னும் ஒரு ஆள் கூட ஏறினால் மூன்று. மேட்டில் நிறுத்தி ரிவர்ஸ் எடுத்தால் கிளட்ச் கருகுகிற வாடை வண்டிக்குள் வந்துவிடும். எஞ்சின் தேய்ந்துவிட்டதோ என்று கம்ப்ரஷன் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. அப்புறம்தான் காகிதம் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கணக்கு சுலபம். 205/70 ஆர் 15 என்றால் டயரின் அகலம் 205 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 143.5 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 287. ரிம் 15 அங்குலம், அது 381 மி.மீ. கூட்டினால் மொத்த விட்டம் 668. இதே கணக்கை 235/75 ஆர் 15க்குப் போட்டால் 733.5 வரும். வித்தியாசம் 65.5 மி.மீ., ஏறக்குறைய 10 சதவீதம்.

பத்து சதவீதம் என்றால் என்ன? சாமுராயின் ஆக்சில் பல் விகிதம் 3.73, அதாவது எஞ்சின் பக்கத்திலிருந்து வருகிற ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. டயர் 10 சதவீதம் பெரிதானால், பழைய டயரோடு 3.40 விகித ஆக்சில் போட்டது மாதிரிதான் வண்டி நடந்துகொள்ளும். ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிடும். 1.3 லிட்டர் எஞ்சினிடம் அதற்கு மிச்சசொச்ச பலம் கிடையாது. பெரிய டீசல் எஞ்சின் இருந்தால் இந்த இழப்பு உறுத்தாமல் போகலாம், நெடுஞ்சாலையில் எஞ்சின் சுற்று குறைந்து நிம்மதியாகக்கூட இருக்கலாம். அதனால்தான் ஒருவருடைய வண்டியில் நன்றாக இருந்த சைஸ் இன்னொருவருக்குச் சரிவராமல் போகிறது.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கை, மெதுவாக ஊர்வதற்கென்று இருக்கிற லோ ரேஞ்ச் கியரில்தான் இருக்கிறது. கரடுமுரடான பாதைக்காகத்தானே பெரிய டயர் போடுகிறோம்? அங்கே நமக்கு வேண்டியது மெதுவாக, கட்டுப்பாட்டோடு ஊர்ந்து போவது. டயர் பெரிதானால் அந்த ஊர்தலும் 10 சதவீதம் வேகமாகிவிடும். பாறை மேல் முன் சக்கரம் ஏறும்போது ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதிக்க வேண்டும், ஏறி முடித்ததும் வண்டி சட்டென்று முன்னால் விழும். இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கும் அந்த அளவுக்குக் குறையும். இவ்வளவுக்கும் தரையிலிருந்து, ஆக்சில் நடுவில் தொங்குகிற டிஃபரன்ஷியலுக்குக் கிடைக்கிற கூடுதல் உயரம் விட்ட வித்தியாசத்தில் பாதிதான், 33 மி.மீ.

ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும். இந்த வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிள், சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது, சக்கரத்தின் அளவு அதற்குத் தெரியாது. முள் 60ல் நிற்கும்போது வண்டி 66ல் போய்க்கொண்டிருக்கும். கிலோமீட்டர் கணக்கும் அப்படியே, மீட்டரில் 100 ஓடினால் உண்மையில் ஓடியது 110. பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் முதலில் இந்தத் திருத்தத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். புலம்பலில் ஒரு பகுதி அதிலேயே கரைந்துவிடும். போனில் ஜிபிஎஸ் வேகத்தை வைத்துக்கொண்டு, சீரான சாலையில் மீட்டரோடு ஒப்பிட்டால் போதும். கம்பெனி மீட்டர்களே பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அதனால் டயர் மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை, மாற்றியபின் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

பிரேக் விஷயத்தை யாரும் சொல்வதில்லை. சக்கரத்தின் ஆரம் கூடினால், அதே தூரத்தில் நிற்க டிஸ்க்கும் டிரம்மும் அந்த அளவுக்கு அதிகமாகப் பிடிக்க வேண்டும். கூடவே எடை. உடம்பு எடை பார்க்கிற மெஷினில் முதலில் நான் மட்டும் ஏறி நின்றேன், அப்புறம் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கம்பெனி ரிம்மும் சாதாரண டயரும் சேர்ந்ததைவிட, அகல ரிம்மும் மட் டெரெய்னும் சேர்ந்தது சக்கரத்துக்கு ஏறக்குறைய 8 கிலோ அதிகம். இந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை. சின்னக் குழியில் விழுந்தாலும் ஆக்சில் துள்ளுவது உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்குத் தெரியும்.

சரி, விட்டம் இப்படி. ரிம்முக்கு வருவோம். எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்ததும் இதுதான்.

235 டயர்கள் இன்னும் தேயாமல் இருந்ததால், அவற்றையே கம்பெனி ரிம்மில் ஏற்றிப் பார்த்தால் என்ன என்று டயர் மாட்டுகிறவரிடம் கேட்டேன். கம்பெனி ரிம் 5.5 அங்குல அகலம். அவர் யோசிக்கவே இல்லை. “ஏத்திடலாம் சார், காத்தடிச்சா சும்மா கும்முனு உட்காந்துக்கும்.” உட்காரும்தான். ஆனால் ஒவ்வொரு டயர் சைஸுக்கும் இவ்வளவு அகலத்திலிருந்து இவ்வளவு அகலம் வரைக்கும்தான் ரிம் இருக்கலாம் என்று டயர் கம்பெனிகள் அட்டவணை போட்டிருக்கின்றன. 235/75 ஆர் 15க்குக் குறைந்தபட்சம் 6 அங்குலம், அதிகபட்சம் 8. குறுகலான ரிம்மில் ஏற்றினால் டயரின் இரண்டு விளிம்பும் நெருங்கி, பக்கச்சுவர் வெளியே பிதுங்கி, நடுப்பகுதி மேடாகிவிடும். சாலையைத் தொடுவது நடுப்பட்டன்கள் மட்டும். தேய்வதும் அங்கேதான், வளைவில் வண்டி மேலே மிதப்பதும் அதனால்தான். அகலமான டயருக்குக் காசு கொடுத்துவிட்டு, குறுகலான டயரின் பிடிமானத்தை வாங்கியதாகிவிடும். 215/75 ஆர் 15க்கு இந்த அளவு 5.5லிருந்து 7 வரை. ஆக, என் கம்பெனி ரிம் அனுமதிக்கிற அகலம் 215வோடு நின்றுவிட்டது. எனக்காக ரிம்மே முடிவெடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அகல ரிம்மை அப்படியே விட்டிருக்கலாமே என்றால், அங்கே ஆஃப்செட் குறுக்கே நிற்கிறது. ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹப்போடு, அதாவது சக்கரத்தைப் போல்ட் போட்டு மாட்டுகிற நடுப்பகுதியோடு, ஒட்டுகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கமாக இருந்தால் பிளஸ், சக்கரம் வண்டிக்குள் போகும். உள்பக்கமாக இருந்தால் மைனஸ், சக்கரம் வெளியே வரும். ரிம்மில் ஈடி என்று பொறித்துப் பக்கத்தில் எண் இருக்கும். பழைய இரும்பு ரிம்களில் பல சமயம் ஒன்றுமே இருக்காது. அப்போது நாமே அளந்துகொள்ளலாம். டயர் இல்லாத ரிம்மை, வெளிப்பக்கம் கீழே வருகிற மாதிரி தரையில் கவிழ்த்து வையுங்கள். மேலே தெரிகிற உள்விளிம்பின் குறுக்கே ஒரு நேரான கட்டையை வைத்து, அதிலிருந்து ஹப் ஒட்டுகிற முகம் வரைக்கும் டேப்பை இறக்கி அளந்துகொள்ளுங்கள். அதிலிருந்து ரிம்மின் மொத்த அகலத்தில் பாதியைக் கழித்தால் ஆஃப்செட். மொத்த அகலம் என்பது விளிம்புக்கு விளிம்பு, 7 அங்குல ரிம் என்றால் விளிம்புகளின் தடிமனும் சேர்ந்து 8 அங்குலம் வரும், 203 மி.மீ. டேப்பில் 95 வந்தால், 95லிருந்து 101.5 போக மைனஸ் ஆறரை.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரிம்மின் அகலம் கூடினாலே, ஆஃப்செட் மாறாவிட்டாலும், இரண்டு பக்கமும் விளிம்பு தள்ளிப் போகும். 5.5லிருந்து 7க்குப் போனால் ஒன்றரை அங்குலம், பக்கத்துக்கு 19 மி.மீ. அதோடு ஆஃப்செட்டும் 20 மி.மீ. குறைந்தால் வெளிவிளிம்பு 39 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே நிற்கும். லீஃப் ஸ்பிரிங்கில் உரசக்கூடாது என்பதற்காகத்தான் பலரும் இப்படி வெளியே தள்ளுகிறார்கள். உள்ளே உரசாமல் தப்பித்தது மட்கார்டு விளிம்பில் போய் இடிக்கும், அது வேறு விஷயம்.

சக்கரம் வெளியே போனால் ஸ்டியரிங்கில் என்ன ஆகும்? முன் சக்கரம் கிங்பின் அச்சைச் சுற்றித்தான் திரும்புகிறது. அந்த அச்சைக் கீழே நீட்டினால் தரையைத் தொடுகிற புள்ளிக்கும், டயர் தரையைத் தொடுகிற நடுப்புள்ளிக்கும் உள்ள தூரம் கூடக்கூட, சாலையில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் அந்தத் தூரத்தை நெம்புகோலாக வைத்து ஸ்டியரிங்கைத் திருகும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் அது நேராகக் கட்டைவிரலுக்கு வந்து சேரும். பாறைப் பாதையில் ஸ்டியரிங் ஆரக்காலுக்குள் கட்டைவிரலை நுழைத்துப் பிடிக்காதீர்கள் என்று பழைய ஜீப் டிரைவர்கள் சொல்வது சும்மா இல்லை. வீல் பேரிங்கும் அதே நெம்புகோலைத் தாங்குகிறது.

எனக்கு வந்த தொல்லை இதோடு நிற்கவில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி ஏறினால் முன்பக்கம் முழுதும் பக்கவாட்டில் உதற ஆரம்பிக்கும். வேகத்தைக் குறைத்து ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்கும். பேலன்சிங் செய்து பார்த்தாயிற்று, குறைந்ததே தவிர நிற்கவில்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார்த்தபோது கிங்பின் பேரிங்கில் லேசான ஆட்டம் கைக்குத் தெரிந்தது. ஷிம் என்கிற மெல்லிய தகடுகளைச் சரிசெய்து, கிங்பின்னைச் சுற்றித் திரும்புகிற நக்கிளில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, மேனுவலில் சொன்ன இறுக்கத்துக்குக் கொண்டு வந்ததும் உதறல் போனது. அதாவது, ஆட்டம் முன்பே இருந்திருக்கிறது. கனமான, வெளியே தள்ளிய சக்கரம் அதைக் காட்டிக்கொடுத்தது. பழைய வண்டியில் பெரிய டயர் போடுகிறவர்கள் முதலில் கிங்பின், டை ராட் எண்டு, வீல் பேரிங் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. அதிர்வை உறிஞ்சுகிற ஸ்டியரிங் டேம்பரை மாற்றி உதறலை மூடிவைப்பது தீர்வல்ல.

வேறு வண்டியின் ரிம் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுகிறவர்களுக்குக் கொஞ்சம். போல்ட் வட்டத்தின் விட்டத்தைப் பிசிடி என்கிறோம். சாமுராய், பழைய சிஜே ஜீப்புகள் எல்லாம் 5 போல்ட், 139.7 மி.மீ. பழைய லேண்ட் ரோவர் சீரீஸ், டிஃபெண்டர் எல்லாம் 5 போல்ட், 165.1. டொயோட்டாவின் பல பழைய லேண்ட் குரூசர்கள், நிசான் பேட்ரோல், மிட்சுபிஷி பஜேரோ எல்லாம் 6 போல்ட், 139.7. ஐந்து போல்ட்டில் நேர் எதிரே போல்ட் இல்லாததால் அளப்பது குழப்பும். பக்கத்துப் பக்கத்து இரண்டு போல்ட்டின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து 1.701ஆல் பெருக்கினால் பிசிடி வந்துவிடும், 82.1 மி.மீ. வந்தால் 139.7.

பிசிடி ஒத்துப்போனால் மட்டும் போதாது. நடு ஓட்டை ஒத்துப்போக வேண்டும். பிந்தைய தலைமுறைப் பஜேரோ ரிம்மின் நடு ஓட்டை 67.1 மி.மீ.தான். முன் ஹப் 100 மி.மீ.க்கு மேல் தடிமனாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பேட்ரோலில் அது நுழையவே நுழையாது. ரிம் ஓட்டை பெரிதாக இருந்தால் நுழையும், ஆனால் ரிம்மை நடுவில் நிறுத்துகிற வேலை முழுக்க நட்டின் சரிவான முகத்துக்குப் போய்விடும். அதனால் நட்டின் முகமும் ரிம்மின் குழியும் ஒரே வடிவமா என்று பார்க்க வேண்டும். கூம்பு முகம் ஒன்று, உருண்டை முகம் ஒன்று, தட்டை முகம் ஒன்று என்று இருக்கின்றன. கூம்பு நட்டை உருண்டைக் குழியில் இறுக்கினால் ஒரு மெல்லிய வளையம் மட்டும்தான் தொடும். இறுகிய மாதிரி இருந்து ஓடஓடத் தளரும்.

இன்னும் பழைய வண்டி என்றால் டியூப் விஷயம் வரும். இன்றைய ரிம்மில் டயர் விளிம்பு உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் சுற்றிலும் ஒரு சின்ன மேடு இருக்கும். காற்றுக் குறைந்தாலும் டயர் உள்ளே நழுவாமல் தடுப்பது அதுதான். அந்த மேடு இல்லாத ரிம்மில், அல்லது நடுத்தட்டை ரிவெட் அடித்து இணைத்த ரிம்மில், டியூப் போடாமல் ஓட்டக் கூடாது. ரிவெட் வழியாகக் காற்றுக் கசியும் என்பது சின்ன விஷயம், வளைவில் டயர் விளிம்பு நழுவுவதுதான் பெரிய விஷயம்.

ரிம் விட்டத்தை 16க்கோ 17க்கோ ஏற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மொத்த விட்டம் 704 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 15 அங்குல ரிம்மில் பக்கச்சுவர் 161 மி.மீ. கிடைக்கும், 17ல் 136தான். மணலில் காற்றை இறக்கி ஓட்ட வேண்டுமென்றால் நமக்குத் தேவை அந்தப் பக்கச்சுவர்தான். காற்று குறையும்போது டயரின் தடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் வளரும், மணலில் வண்டியைத் தூக்கிப் பிடிப்பது அந்த நீளம். எனவே என் ஓட்டு 15க்கும் 16க்கும். ஆனால் 15 அங்குலத்தில் நல்ல சைஸ்கள் வரவரக் குறைகின்றன. ரிம் வாங்கும் முன், அந்தச் சைஸை இரண்டு கம்பெனிகளாவது இன்னும் தயாரிக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஒரே கம்பெனி மட்டும் செய்கிற சைஸை நம்பி ரிம் வாங்கினால், அவர்கள் நிறுத்துகிற நாளில் ரிம்மையும் மாற்ற வேண்டிவரும்.

பெரிய வண்டிக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. 235/85 ஆர் 16 டயரின் விட்டம் 806 மி.மீ., 265/75 ஆர் 16 டயரின் விட்டம் 804. உயரம் கிட்டத்தட்ட ஒன்று, அகலம் வேறு. கியர் மாறாமல் குறுகலா அகலமா என்று மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், 265க்கு 7 அங்குல ரிம்மாவது வேண்டும். சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை இருக்கிற பாதை என்றால் நான் குறுகலான பக்கம். மெல்லிய டயர் சேற்றை அறுத்துக்கொண்டு கீழே போய்த் தரையைப் பிடிக்கும். மழை நீர் தேங்கிய தார்ச்சாலையிலும் அகலமான டயர்தான் சீக்கிரம் மிதக்கும்.

எடை தாங்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். டயரில் சைஸுக்குப் பக்கத்தில் 100டி (100T) என்று இருந்தால், 100 என்பது ஒரு டயர் 800 கிலோ தாங்கும் என்பதன் குறியீடு, டி என்பது மணிக்கு 190 கி.மீ. வரை. வண்டிக்குக் கம்பெனி சொன்ன எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. மேலே போவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. எல்டி என்று போட்டிருக்கிற லாரி ரக டயர்களின் பக்கச்சுவர் தடித்தது, கல் குத்தினாலும் தாங்கும். சாமுராய் மாதிரி ஒரு டன் அளவில் இருக்கிற வண்டியில் அது மரக்கட்டை மாதிரி நிற்கும். என் 235 டயர்கள் எல்டி ரகம்தான். காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கியும் பக்கச்சுவர் அசைந்து கொடுக்கவே இல்லை, 12க்குப் போன பிறகுதான் தடம் நீண்டது. லேசான வண்டிக்கு லேசான டயர் என்று நான் முடிவெடுத்தது அங்கேதான்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தபோது பட்டியலில் மிஞ்சியது மூன்று. 205/75 ஆர் 15, விட்டம் 688.5, கம்பெனி அளவைவிட 3 சதவீதம் பெரிசு. 195 ஆர் 15, இதில் சதவீத எண் இல்லாததால் பக்கச்சுவரை 82 சதவீதமாக எடுத்துக்கொள்ள வேண்டும், விட்டம் 700க்குப் பக்கத்தில். அப்புறம் 215/75 ஆர் 15, விட்டம் 703.5, 5 சதவீதத்துக்குச் சற்று மேல். எளிதாகக் கிடைத்தது 215தான். ஆல் டெரெய்ன் பட்டனில், சாதாரண கார் ரகத்தில் ஐந்து வாங்கி, கம்பெனி ரிம்மைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்து அதில் ஏற்றினேன். 235ஐவிட உயரத்தில் இழந்தது 15 மி.மீ.தான், கம்பெனி டயரைவிட 18 மி.மீ. லாபம். நடைமுறையில் ஆக்சில் விகிதம் 3.54 அளவில் நிற்கிறது. ஐந்தாவது கியர் சமதளத்தில் திரும்பக் கிடைத்தது, ரிவர்ஸில் கிளட்ச் வாடை நின்றது. ஸ்டியரிங்கை நின்ற இடத்தில் திருப்ப இரண்டு கையும் தோளும் தேவைப்பட்டது போய், ஒரு கை போதும் என்றாகிவிட்டது.

235தான் வேண்டும் என்கிறவர்களைத் தடுக்கவில்லை. அதற்கு வழி டிரான்ஸ்ஃபர் கேஸில் குறைந்த விகிதப் பற்சக்கரம் போடுவது, சாமுராய்க்கு அப்படி மாற்றுச் செட் கிடைக்கிறது. முதலில் கியர், பிறகு டயர் என்ற வரிசையில் செய்தால் வண்டி நொந்துகொள்ளாது. தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் கிளட்ச்சையும் முன் ஆக்சில் மூட்டையும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

மாட்டியதும் உரசுகிறதா என்று பார்க்க, வீட்டு வாசலில் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்ப்பது போதாது. ஒரு முன் சக்கரத்தைத் தடிமனான கட்டைகள் மேல் ஏற்றி, ஸ்பிரிங் முழுக்க அமுங்குகிற மாதிரி நிறுத்தி, ஸ்டியரிங்கை இரண்டு கோடி வரைக்கும் திருப்ப வேண்டும். முன்னால் போய் ஒரு தடவை, ரிவர்ஸில் ஒரு தடவை. டயரின் தோள்பட்டையில் சாக்பீஸ் தடவி வைத்தால் எங்கே தொட்டது என்று வெள்ளை அப்பிக் காட்டிவிடும். லீஃப் ஸ்பிரிங், பிரேக் ஹோஸ், பம்பரின் மூலை, மட்கார்டின் பின்விளிம்பு, இந்த நான்கு இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன். லேசாகத் தொட்டால் ஸ்டியரிங் திரும்புகிற அளவைத் தடுக்கிற ஸ்டாப் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே நீட்டி வைக்கலாம், ஆனால் வண்டி திரும்புகிற வட்டம் பெரிதாகும்.

காற்று எவ்வளவு என்பதற்கும் அதே சாக்பீஸ்தான். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கிற அளவு கம்பெனி சைஸுக்கானது. அதில் தொடங்கி, டயரின் குறுக்கே அகலமாக ஒரு கோடு போட்டு, காய்ந்த தார்ச்சாலையில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டி இறங்கிப் பார்த்தால், நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், பின்னால் சாமான் ஏற்றினால் மறுபடியும். நட்டுகளை மேனுவலில் சொன்ன டார்க்கில் இறுக்கி, 100 கி.மீ. வாக்கில் ஓடியதும் இன்னொரு தடவை இறுக்குங்கள். புதுப் பெயிண்ட் அடித்த ரிம்மில் இது ரொம்ப முக்கியம், பெயிண்ட் அமுங்கி நட்டு தளர்ந்துவிடும். ஹப்போடு ஒட்டுகிற முகத்தில் பெயிண்டே அடிக்காமல் விடுவது இன்னும் நல்லது. உங்கள் ஊர் சட்டம் எந்த அளவு மாற்றத்தை அனுமதிக்கிறது, இன்ஷூரன்ஸ் என்ன சொல்கிறது என்பதை மட்டும் காசு கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஸ்டெப்னி. நான் வாங்கியபோது வண்டியின் பின்கதவில் தொங்கியது பழைய 205/70, கீழே ஓடியது 235. முன், பின் ஆக்சில்கள் வேறு வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கிற சென்டர் டிஃபரன்ஷியல் இந்த மாதிரி வண்டிகளில் கிடையாது. ஃபோர் வீலில் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஒரு சக்கரம் ஏறக்குறைய 9 சதவீதம் சின்னதாக இருந்தால், அந்த ஆக்சில் வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும், டிரான்ஸ்ஃபர் கேஸ் விடாது. கெட்டியான தரையில் அந்த முறுக்கம் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் பற்சக்கரங்களிலும் ஏறிக்கொண்டே போகும், லீவரை டூ வீல் டிரைவான 2ஹெச்சுக்குத் தள்ளினாலும் வராமல் இறுகிக்கொள்ளும். டூ வீலில் ஓட்டினாலும், இடதும் வலதும் வேறு சைஸாக இருந்தால் டிஃபரன்ஷியலின் சின்னப் பற்கள் நேர்ச்சாலையில்கூட ஓயாமல் சுற்றும். வேறு வழியில்லாமல் அப்படி மாட்ட நேர்ந்தால் டூ வீலில், மெதுவாக, பக்கத்து ஊர் வரைக்கும் மட்டும். அதனால்தான் நான்குக்குப் பதில் ஐந்தாக வாங்கினேன். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் வரிசையாக இடம் மாற்றிக்கொண்டு வருகிறேன். டயர் பக்கத்தில் டிஓடி என்று தொடங்குகிற வரியின் கடைசி நான்கு எண்கள் தயாரான வாரமும் ஆண்டும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். ஐந்திலும் அது நெருக்கமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஏற்றச் சொன்னேன். ஒன்று மட்டும் மூன்று வருடம் பழசாக இருந்தது, அதை மாற்றித் தரச் சொல்லிக் காத்திருந்து வாங்கி வந்தேன்.